செனானுக்கும் சேர்மம் உண்டு

கேள்வி: மந்த வாயுக்கள் எதனோடும் சேராது என்று பள்ளியில் படித்தேன். படிவம் 4 படிக்கும் மகளோ, செனானுக்குச் சேர்மம் உண்டு என்கிறாள். எது சரி?
– ஒரு வாசகர், சுங்கை பினாங்

பதில்: மகளுக்கே வெற்றி! 1962 வரை உங்கள் பாடம்தான் வேதவாக்கு. அந்த ஆண்டு கனடாவில் வேதியியலாளர் நீல் பார்ட்லெட், ஆக்சிஜனிடமிருந்தே எலக்ட்ரானைப் பறிக்கும் பிளாட்டினம் ஹெக்ஸாபுளோரைடைக் கையில் வைத்திருந்தார். செனானிடம் பறிக்கவும் ஏறக்குறைய அதே ஆற்றல் போதுமே என்று கணக்குப் போட்டார். இரண்டையும் கலந்தார், சிவப்பு ஆவி போய் மஞ்சள் திண்மம் படிந்தது. அந்தத் துணிச்சல் இன்றும் சிலிர்க்க வைக்கிறது.

இன்னொரு சேர்மமான செனான் டைபுளோரைடு செய்யும் விதம் இன்னும் அழகு. துளி ஈரமில்லாத கண்ணாடிக் குடுவையில் செனானையும் புளோரினையும் அடைத்து வெயிலில் வைத்தால், சுவரில் நிறமற்ற படிகங்கள் பூக்கும். (ஆய்வகத்தில் மட்டும்! வெயிலில் காய வைக்க புளோரின் ஒன்றும் மோர்மிளகாய் அல்ல.) இந்தப் படிகம் 129 டிகிரி செல்சியஸில் உருகும். சாதாரண அறையிலேயே மெல்ல ஆவியாகும். நீர் பட்டால் சிதைந்து கொடிய ஹைட்ரோபுளோரிக் அமிலம் தரும். சிலிக்கானை அரிக்கும், அதன் ஆக்சைடை ஏறக்குறைய தொடவே தொடாது. நுண்கருவி செய்பவர்களுக்கு அதனாலேயே செல்லம். மகள் பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலைப் பக்கம் போக ஆசைப்பட்டால், இந்தப் பாடத்தை அழுத்திப் படிக்கச் சொல்லுங்கள்.