பன்றியும் நடத்தை விதியும்

கேள்வி: துப்பாக்கிக்குக் கடுமையான சட்டம் போட்டால் கொலை குறையுமா? லைசென்ஸ் வைத்திருக்கும் குடியானவனை மட்டும்தானே அது பிடிக்கிறது?
– தோட்டக்காரர் ஒருவர், கீரிப்பாறை

பதில்: தேர்தல் வந்ததும் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, தேர்தல் நடத்தை விதிகளை அறியாத காட்டுப்பன்றியிடம் மரச்சீனி விளையைப் பறிகொடுத்து நிற்கும் மனஸ்தாபம் தங்கள் வினாவில் தொனிக்கிறது. நியாயந்தான், 2020 ஜனவரி 8-ஆம் தேதி இதே ஜில்லாவின் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரைச் சுட்டுக் கொன்றவர்கள், கலெக்டர் ஆபீஸில் மனுப் போட்டுக் காத்திருந்து கைத்துப்பாக்கி பெற்றவர்கள் அல்லர். ஆயுதச் சட்டத்தின் 2019-ஆம் வருஷத்துத் திருத்தம் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்த உச்சவரம்பை இரண்டாகக் குறைத்ததும் அவர்களை வருத்தியிராது. (பன்றிக்கு ஒன்று போதுமே, இரண்டாவது யாருக்கு என்பது அடியேனுக்கு விளங்கவில்லை.)

ஆயினும், 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் வியர்த்தம் என்று இதனால் முடிவு கட்டுவதற்கில்லை. ஜனத்தொகையினும் துப்பாக்கித் தொகை மிகுந்த அமெரிக்காவில் கொலைகளில் பெரும்பகுதி துப்பாக்கியாலேயே நிகழ, நம் பக்கத்திலோ வரப்புத் தகராறு சாராயத்தின் சகாயத்தோடு முற்றும்போது கைக்கு எட்டுவது வெட்டுக்கத்தியாகவே இருக்கிறது. விவசாயக் கருவியாதலால் அது அந்தச் சட்டத்தின் பிடியிலும் அகப்படுவதில்லை. கோபம் இரண்டு தேசத்திலும் ஒன்றே. வெட்டுப்பட்டவன் பல சமயம் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு, எதிரியின் மீது சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கும் வந்துவிடுகிறான். நெஞ்சில் குண்டு பட்டவன் சாட்சிப் பட்டியலில் இடம்பெறுவது அபூர்வம்.