மீன்களின் மாமியார்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிறவர்களில் பெரும்பாலோர் நிரபராதிகள். ஒருவர் கடையில் நாலு மீன் வாங்குவார், தீனி போடுவார், செத்தால் மறுபடி நாலு வாங்குவார். இன்னொருவர் ஃபிளவர்ஹார்னை வாஸ்துவுக்காகக் கூடத்தில் வைத்து, தன் வருமானம் ஏறுகிறதா என்று அதன் மண்டைப் புடைப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. சிக்லிட் குடும்பத்து மீன்களை ஜோடி சேர்த்து, முட்டையிட வைத்து, குஞ்சுகளை ஆளாக்கும்வரை தூக்கம் கெட்டுத் திரிகிறாரே, அவர்தான் தனிப் பிறவி. அக்கம்பக்கத்தில் அவருக்கு இயற்கை ஆர்வலர் என்றும் பொறுமைசாலி என்றும் பெயர் உண்டு. இரண்டுமே தவறு என்பது என் கட்சி. அவர் மீன்களுக்கு வாய்த்த மாமியார். மருமகளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்ற ஒரே நம்பிக்கையின் மேல் அவருடைய பொழுதுபோக்கு மொத்தமும் நிற்கிறது.

முதல் சாட்சி, அவர் தேர்ந்தெடுக்கும் மீனே. பிள்ளை வளர்க்க உதவி செய்ய வேண்டும் என்பதுதான் ஆசையென்றால், உதவி தேவைப்படும் மீன்களுக்கா பஞ்சம்? கோல்ட்ஃபிஷ் முட்டைகளைச் செடியில் சிதறிவிட்டு, திரும்பி வந்து அதையே மேயும். கப்பி குட்டி போட்ட கையோடு குட்டியைத் துரத்தும். இவர் அவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மீன் உலகத்திலேயே பிள்ளை வளர்ப்புக்குப் பேர்போன குடும்பமாகப் பார்த்துப் போய்ச் சம்பந்தம் வைத்துக்கொள்கிறார். மத்திய அமெரிக்காவின் கான்விக்ட் சிக்லிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் அம்மாவுமாகக் கல்லைச் சுத்தம் செய்து முட்டையிடுகின்றன. தாய் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கிறது. பூஞ்சை பிடித்த முட்டையைப் பொறுக்கி எடுக்கிறது. மூன்று நாளில் பொரிந்த குஞ்சுகளை வாயில் கவ்வி, மணலில் தோண்டி வைத்த குழிக்கு மாற்றுகின்றன. குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் பெரிய தீனியை மென்று அவற்றின் நடுவே துப்புகின்றன. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் சிக்லிட் தாய்கள் இதற்கும் ஒரு படி மேல். முட்டையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு மூன்று வாரம்போலப் பட்டினி கிடக்கின்றன.

இவற்றின் புத்திக்கு நோபல் பரிசு பெற்றவரின் சாட்சியமே இருக்கிறது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லாரன்ஸ் தம் ‘சாலமன் மன்னனின் மோதிரம்’ நூலில் ஒரு ஜுவல் சிக்லிட் தகப்பனைப் பற்றி எழுதியிருக்கிறார். வாயில் மண்புழுவை மென்றுகொண்டிருந்தபோது, வழிதவறிய குஞ்சொன்றையும் அது கவ்விவிட்டது. ஒன்று வயிற்றுக்குப் போக வேண்டியது, மற்றது வீட்டுக்குப் போக வேண்டியது. மீன் அசையாமல் நின்றது. பிறகு இரண்டையும் துப்பியது. குஞ்சின் மேல் ஒரு கண் வைத்தபடியே புழுவைத் தின்று முடித்தது. அப்புறம் குஞ்சை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டில் சேர்த்தது. இதே காட்சி நம் சிக்லிட்காரர் வீட்டுத் தொட்டியில் நடந்திருந்தால், மீன் யோசித்து முடிப்பதற்குள் அவர் வலையை உள்ளே விட்டிருப்பார்.

அவர் வழக்கமாகச் செய்வதும் அதுதான். ஏஞ்சல் மீன் பிவிசி குழாய்த் துண்டில் முட்டையிட்டதும், குழாயோடு தூக்கி வேறு தொட்டிக்குக் கொண்டுபோகிறார். தாயின் துடுப்புக்குப் பதிலாகக் காற்றுக்கல். தாய் பூஞ்சை முட்டையைப் பொறுக்குவதற்குப் பதிலாக மெத்திலின் நீலம். அது தண்ணீரைவிட அவர் விரல்களையும் வீட்டுத் துண்டுகளையும்தான் நன்றாகப் பிடிக்கும். தாய் இலவசமாகச் செய்த ஒவ்வொரு வேலையையும் காசு கொடுத்துத் தாமே செய்கிறார். கவிழ்த்த குளிர்பான பாட்டிலில் உப்புநீர் ஊற்றி, ஆர்ட்டீமியா முட்டைகளை ஒரு நாள் பொரியவைத்து, அந்தத் துளிப் பூச்சிகளை வடிகட்டிக் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறார். சமையலறைக் கல்லுப்பு குறைவதற்குக் காரணம் கேட்பதை வீட்டார் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் விஷயத்திலும் பிடிவாதம்தான். வாளியில் வெள்ளையாகப் படிகிற சென்னைப் போர்த்தண்ணீர், கடினநீரில் வாழும் மலாவி மீன்களுக்கு ஏறக்குறையப் பொருந்தும், குளோரினும் கிடையாது. இவருக்கு ஆசை வந்ததோ அமேசானின் டிஸ்கஸ் மேல். அதற்கு மென்மையான, லேசான அமிலத் தண்ணீர் வேண்டும். ஆகவே ஆர்.ஓ. தண்ணீர் டிஸ்கஸுக்கு, கேன் தண்ணீர் குடும்பத்துக்கு. தெருவில் உதிர்ந்த பாதாம் இலைகளையும் தொட்டியில் போடப் பொறுக்கிவருவார். கடைசியில் அந்த டிஸ்கஸிடம்தான் மாமியாரின் வாய் அடைபடும். அதன் குஞ்சுகள் பெற்றோரின் தோலில் ஊறும் வழவழப்பைத் தின்றுதான் முதல் நாட்களைக் கடத்துகின்றன. இதற்கும் மாற்று கண்டவர்கள் உண்டு. முட்டை மஞ்சள்கருக் கலவையைக் கிண்ணத்தின் ஓரத்தில் தடவிவைத்துப் பார்க்கிறார்கள். கை தேர்ந்தவருக்குக் குஞ்சு பிழைக்கும். மற்றவர்களுக்குத் தண்ணீர் கெடும்.

சிக்லிட்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். “பெத்த முட்டையையே தின்னுதுங்க சார், விட்டுவைக்கச் சொல்றீங்களே!” என்பார். தின்பது உண்மை. ஆனால் எந்த நிலையில் தின்கின்றன என்றும் பார்க்க வேண்டும். முதல் ஈடுகளைத் தின்றுவிடும் ஜோடிகள் அடுத்தடுத்த ஈடுகளில் கற்றுக்கொள்வது வளர்ப்போர் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அந்த அவகாசத்தைத்தான் இவர் கொடுப்பதில்லை. அதோடு, ஒளிய ஒரு கொட்டாங்குச்சிகூட இல்லாத வெறுந்தொட்டியில், அரைமணிக்கொரு தரம் டார்ச் அடித்து முகத்தை நீட்டும் ஒரு பிரம்மாண்ட ஜந்துவுக்கு எதிரில் எந்தத் தாய்தான் நிதானமாக இருக்கும்? இன்னொன்று, தின்பதாகத் தோன்றுவதெல்லாம் தின்பதில்லை. கெட்ட முட்டையைக் களைவதும் குஞ்சை வாயில் கவ்வி இடம் மாற்றுவதும் பதறிய கண்ணுக்குக் கொலையாகத்தான் தெரியும்.

கொளத்தூரில் மீன் பண்ணை வைத்திருப்பவர்களும் முட்டையைப் பிரித்துத்தானே பொரிக்கிறார்கள் என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. அவர்களை நான் விட்டுவிடுகிறேன். முட்டையை எடுத்துவிட்டால் ஏஞ்சல் ஜோடி ஓரிரு வாரத்தில் அடுத்த ஈடு வைக்கும். ஈடு கூடினால் வரும்படி கூடும். அவர்கள் செய்வது தொழில். நம்மவர் ஒரு குஞ்சையும் விற்பதில்லை, விற்கவும் முடியாது. ஒரு ஈட்டுக்கே நூற்றுக்கணக்கில் குஞ்சுகள். தாயிடம் விட்டிருந்தால் பாதி கழிந்திருக்கும், இவர் கைராசியில் அத்தனையும் பிழைத்துக்கொள்ளும். அதன் பிறகு மொய்க்கவர் வைக்க வேண்டிய வீடுகளுக்கெல்லாம் பாலித்தீன் பையில் மீன் போகிறது. கான்விக்ட் குஞ்சை இரண்டாம் முறை வாங்கிக்கொள்ள எந்த உறவும் முன்வருவதில்லை. மீன் கடைக்காரர் இவர் வண்டிச் சத்தம் கேட்டதும் கல்லாவை விட்டு எழுந்து பின்கட்டுக்குப் போகிறார். வாங்க ஆளில்லாத குஞ்சுகளுக்காக இவர் இன்னொரு தொட்டி வாங்குகிறார். காலித் தொட்டி எத்தனை நாள் காலியாகவே இருக்கும்? அதில் ஒரு புது ஜோடியும் குடியேறும்.

என் கட்சிக்குப் பெரிய ஆதாரம் ஊர் ஏரியில் இருக்கிறது. நாம் ஜிலேபிக் கெண்டை என்கிற திலாப்பியாவும் சிக்லிட் குடும்பமேதான். மொசாம்பிக் திலாப்பியா 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்தது. அதுவும் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும் தாய்தான். காற்றுக்கல், மருந்து, ஆர்ட்டீமியா, பாதாம் இலை எதுவும் இல்லாமல், சாக்கடை கலந்த குட்டைகளில்கூட அது குடும்பம் நடத்தியது. எவ்வளவு நன்றாக நடத்தியதென்றால், நம் குளங்களில் நாட்டு மீன்களுக்கு இடமில்லாமல் போகிறதே என்று மீன்வள ஆய்வாளர்கள் கவலைப்படும் அளவுக்கு. இதைச் சிக்லிட்காரரிடம் எடுத்துச் சொன்னால் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு, அது குழம்புக்கு ஆகிற மீன் சார், அதோட பிள்ளையையும் என் பிள்ளையையும் ஒண்ணா பேசாதீங்க என்பார்.