கறுத்த பழம்

எழுபதுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் எங்கள் தெருவிலேயே பிரிட்ஜ் இருந்தது பெரியம்மா வீட்டில் மட்டும்தான். ஒற்றைக் கதவு; அதற்கொரு பூட்டு; சாவி பெரியம்மாவின் இடுப்பில். அந்தச் சன்னிதிக்குள் வாழைப்பழம் நுழைய ஒரே தகுதி, அது வேறெதற்கும் ஆகாமல் போயிருக்க வேண்டும்.

அர்ச்சனைத் தட்டில் திரும்பி வந்தவை, கல்யாணப் பையில் தேங்காயோடு கிடந்து நசுங்கியவை. கொசு மொய்க்க ஆரம்பித்த பிறகுதான், "புள்ளைகளுக்கு ஐஸ் போட்டுக் குடுப்பமா?" என்று பெரியம்மாவுக்குக் கருணை சுரக்கும். பழத்தைப் பிசைந்து, காய்ச்சி ஆறின பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, பனி கட்டிக் கிடக்கும் சின்ன ஃப்ரீஸருக்குள் செருகுவார். கரண்ட் போகாவிட்டால் சாயங்காலத்துக்குள் ஓரமெல்லாம் கல்லாகிவிடும், நடுவில் பாயசம். டம்ளர் அடியில் ஒட்டிக்கொண்டால் கத்தியால் நெம்பக் கூடாது. ஓட்டை விழுந்து கேஸ் போய்விடும் என்று பெரியப்பா காவல் நிற்பார்.

பெரியம்மாவின் கைமணம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பெருமை சிறுமலைப் பழத்துக்கே போக வேண்டும். தோல் சுருங்கிக் கறுத்தாலும் உள்ளே சதை தளராது. நீர்ச்சத்து குறைவு, இனிப்போடு லேசான புளிப்பு. முடிக்கொத்து நோய் அந்த மலையில் தோட்டம் தோட்டமாக வாழையை அழித்த காலம் அது. மிஞ்சியதற்கு 2008-09இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாங்கள் கொசு விரட்டித் தின்றது இத்தனை பெரிய ஆளை என்று அப்போது யார் சொன்னார்கள்!

இப்போது சென்னையில் என் மகள் செய்கிறாள். பாலில்லை, சர்க்கரையில்லை, வாழைப்பழம் மட்டும்தான். அந்த 'மட்டும்'க்கு என்னென்ன தேவை என்கிறீர்கள்? மோரிஸ் பழத்தைக் காயாகவே வாங்கி, சீக்கிரம் பழுக்க ஆப்பிளோடு காகிதப் பையில் அடைத்து, தோலில் புள்ளி விழுந்ததா என்று தினமும் பார்க்கிறாள். உரித்து, வட்டம் வட்டமாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பட்டர் பேப்பரில் பரப்பி, மைனஸ் 18 டிகிரியில் ஒரு ராத்திரி. மறுநாள் ஒரு மிக்ஸி. நம் சட்னி மிக்ஸி இல்லை, இதற்கென்றே வாங்கியது. முதலில் புட்டு மாதிரி உதிரியாகும். பொறுமையாக ஓடவிட்டால், திடீரென்று வெண்ணெயாகத் திரளும். பழத்திலுள்ள பெக்டின் செய்கிற வேலையாம். நன்றாகத்தான் இருக்கிறது, வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன். அதன் தலையில் டார்க் சாக்லேட், சியா விதை, பாதாம். சர்க்கரையே சேர்க்காத ஐஸ்க்ரீம் என்று அதற்குப் பிறகும் சொல்கிறாள்.

போன வாரம் அவளுக்கு ஆபீஸில் வேலை அதிகம். காகிதப் பையில் இரண்டு பழம் புள்ளியைத் தாண்டி முழுக்கக் கறுத்துவிட்டது. எடுத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, நேரே உரத்தொட்டியில் போட்டாள்.

"ரொம்பக் கனிஞ்சிருச்சும்மா. ஐஸ்க்ரீமுக்கு ஆகாது."