மைனஸ் ஒன்று

கடனுக்கு மலையாளத்தில் ‘வாய்ப்ப’ என்று பெயர். வீட்டில் தமிழும் வெளியே மலையாளமுமாகப் பாறசாலையில் வளர்ந்தவன் கெட்டுப்போக இந்த ஒரு சொல் போதும். வங்கி வாசலில் சுயதொழில் வாய்ப்ப என்று எழுதியிருந்ததைக் கண் மலையாளத்தில் படித்தது. மனசு அதைத் தமிழில் வாங்கிக்கொண்டது. 52 வயதில் ஒரு வாய்ப்பு!

தொழில் ஏற்கெனவே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஏத்தங்காயைச் சீவி, தேங்காய் எண்ணெயில் வறுத்து, பொட்டலம் போட்டு விற்பது. தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் அது வற்றல், இந்தப் பக்கம் உப்பேரி, வங்கியில் சிப்ஸ். மூன்று பெயர் உள்ள சாமான் மூன்று மடங்கு விற்கும் என்று மனைவியிடம் கணக்குச் சொன்னேன்.

“காயி சீவத் தெரியுமா ஒங்களுக்கு?” என்றாள்.

முதலாளி எதற்குக் காய் சீவ வேண்டும்? இந்த மாதிரிக் கேள்விகளால்தான் நாட்டில் தொழில் வளர மாட்டேன் என்கிறது.

களியக்காவிளையில் வாடகைக்கு ஒரு கடை பார்த்தேன். வீட்டிலிருந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து சில்லறை வாங்குவதற்குள் வந்துவிடும். ஆனால் மாநிலம் வேறு. “சேட்டா, வீடு இவிடெ, கட அவிடெ. அவிடெத்தெ பேங்கில் சோதிக்கணும்” என்றார் எங்கள் ஊர் மேலாளர். அங்கே போனால், “கடை இங்க சரி, வீடு அங்கல்லா இருக்கு அண்ணாச்சி” என்றார்கள். “வீட்டுக்கு ஆதாரம் இருக்கு” என்று மார்தட்டினேன். எங்களுக்கு ஆதாரம் என்றால் கிரயப் பத்திரம். “ஆதார் எல்லாருகிட்டயும் இருக்கு, பத்திரம் இருக்கா?” என்று கேட்டார் அந்த அதிகாரி. “கரமும் தீர்த்தாச்சு” என்றேன். எங்களுக்குக் கரம் என்றால் வரி. அவர் என் கையைக் கவலையோடு பார்த்தார்.

இதெல்லாம் 1956 நவம்பர் 1ஆம் தேதி செய்த வேலை. அன்றைக்கு விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. எங்கள் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுகொண்டது. தாத்தா கட்டிலை ஒரு சாண்கூட நகர்த்தாமல் ஒரே ராத்திரியில் கேரளக்காரர் ஆனார். ஒன்றரை மைல் தள்ளிக் கட்டிக்கொடுத்த அவர் மகள் மெட்ராஸ்காரி ஆனாள். தாத்தா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சிப்ஸ் கடைக்கு லோன் கேட்டு அலையவில்லையே.

கடைசியில் கடையே வேண்டாம், வீட்டின் பின்பக்கச் சாய்ப்பில் அடுப்பைப் போடுவோம் என்று முடிவானது. எங்கள் ஊர் மேலாளர் தங்கமான மனிதர். முத்ரா திட்டத்தை விளக்கினார். 2015 ஏப்ரல் 8ஆம் தேதி வந்த திட்டம். ஈடு கொடுக்க வேண்டாம். 50,000 ரூபாய் வரை ‘சிசு’, அதற்கு மேல் 5 லட்சம் வரை ‘கிஷோர்’, அதற்கும் மேல் 10 லட்சம் வரை ‘தருண்’. குழந்தை, சிறுவன், வாலிபன். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவனுக்கென்று தனியாக ஒன்றுமில்லை. இரண்டு லட்சம் தேவைப்பட்டதால் சிறுவனாகச் சேர்ந்துகொண்டேன்.

விண்ணப்பத்தில் ‘சார்ந்திருப்போர்’ என்று ஒரு கட்டம். குடும்பத் தலைவனுக்கே உரிய பெருமையோடு எழுதினேன்: மனைவி, ஒருவர்.

திட்ட அறிக்கை வேண்டுமென்றார்கள். ஒரு டிடிபி கடைப் பையன் அரை மணி நேரத்தில் பன்னிரண்டு பக்கம் அடித்துக் கொடுத்தான். ஐந்தாம் ஆண்டின் லாபத்தை மட்டும் பார்த்துவிட்டு எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் முழுவதும் படித்தார். நான்காம் பக்கத்தில் விரலை வைத்து, “குட்டிகளுக்குத் தடுப்பூசி எப்போள்?” என்று கேட்டார். என் சிப்ஸ் ஆண்டுக்கு ஒருமுறை குட்டி போடுவதாக எழுதியிருந்தது. பையன் அதற்கு முன்பு யாருக்கோ ஆட்டுப் பண்ணை அறிக்கை அடித்திருக்கிறான்.

அதையும் திருத்திக் கொடுத்தேன். பிறகுதான் சிபில் பார்த்தார்கள். கடனை ஒழுங்காகக் கட்டியவனா என்பதற்கு 300லிருந்து 900 வரை மதிப்பெண். “ஜீவிதத்தில் ஒரு பேங்கிலும் கடன் வாங்கினதில்லை சார்” என்று தலையை நிமிர்த்திச் சொன்னேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். மைனஸ் ஒன்று.

கடனே வாங்காதவனுக்குக் கடன் வரலாறு கிடையாது. வரலாறு இல்லாதவனுக்கு அந்தக் கணக்கில் மைனஸ் ஒன்று. பள்ளிக்கூடத்தில் நான் பல பூஜ்யங்கள் வாங்கியவன். அதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தேன்.

“சேச்சியுடெ ஒந்நு நோக்காம்” என்றார் மேலாளர், என் முகத்தைப் பார்த்து இரங்கி. மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மதிப்பெண் 781.

எப்படி என்று யோசித்தால், எல்லாம் என் உழைப்புதான். கோழி வளர்க்கிறேன் என்று அவள் வளையலைப் பணயம் வைக்கச் சொன்னது நான். காளான் வளர்க்கிறேன் என்று மாலையை வைக்கச் சொன்னதும் நான். நகை அவளுடையது, எனவே கடனும் அவள் பெயரில். கோழி செத்தது, காளான் தானாகவே வளர மறுத்தது. அவள் தையல் காசையும் குடும்பஸ்ரீ மகளிர் அயல்கூட்டத்தில் வாரா வாரம் போட்ட சேமிப்பையும் எடுத்து, தவணை தப்பாமல் ஒவ்வொன்றாக மீட்டாள். பதினைந்து வருஷம் நான் முட்டாள்தனத்தை முதலீடு செய்தேன். ஸ்கோர் அவள் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

புதிய விண்ணப்பம் அவள் பெயரில் நிரம்பியது. அறிக்கையின் பன்னிரண்டு பக்கத்தையும் படித்து, ஐந்தாம் ஆண்டு லாபத்தைப் பாதியாக வெட்டச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். ‘சார்ந்திருப்போர்’ கட்டம் வந்தது. எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

“ஒருத்தரு” என்றாள்.

இப்போது சாய்ப்பில் உருளி காய்கிறது. மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரை அவள் கொதிக்கிற எண்ணெயில் தெளிக்கும்போது எழும் இரைச்சலில் நான் சொல்லும் வியாபார யோசனை எதுவும் யார் காதிலும் விழுவதில்லை. தவணை ஐந்தாம் தேதிக்குள் போய்விடுகிறது. என் சிபில் இன்னும் மைனஸ் ஒன்றுதான்.

காய் சீவ மட்டும் தெரிந்துவிட்டது. கனம் சரியில்லை என்கிறாள்.