பிளொப்பி யார் சொன்னால் வெளியே வரும்? கிரான் கடிதத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரானில் தட்டச்சு செய்த கடிதமொன்று மூன்றரை அங்குல பிளொப்பியில் ஏறி, யாரோ ஒருவரின் சட்டைப்பையில் மட்டக்களப்பு நகருக்குப் போகிறது என்று கொள்வோம். அந்தப் பிளொப்பி வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட் என்பார்கள். உள்ளே இருப்பதோ 1,474,560 பைட். அதை ஒரு தடவை 1024ஆலும் மறு தடவை 1000ஆலும் வகுத்தால்தான் 1.44 வரும். எந்தக் கணக்கு வாத்தியாரும் இதற்குப் புள்ளி போடமாட்டார்.

முதன்மை வினா: உள்ளே போன வட்டை வெளியே எடுக்கும் உரிமை யாருக்கு?

டொஸ் இயங்குதளம் அதை மனிதருக்கே விட்டது. டிரைவின் பொத்தானை அமுக்கினால் வட்டு வரும், எழுதிக்கொண்டிருக்கும்போதும் வரும். வட்டு மாறிய செய்தியை டிரைவின் 34ஆம் ஊசி சொல்ல வேண்டும். அந்தக் கம்பி பழுதானால் டொஸ் முந்திய வட்டின் பட்டியலையே காட்டும். கிரான் கடிதத்தைப் போட்டால் வேறொருவரின் சம்பளப் பட்டியல் தெரியும். அதை நம்பி எதையாவது சேமித்தால் பழைய வட்டின் அட்டவணை புதியதில் பதிந்து, கடிதத்தின் கதை முடியும். இதைவிட விசித்திரம் பி டிரைவ். ஒரே டிரைவ் உள்ள கணினியில் 'பி:' என்று தட்டிப் பாருங்கள். அப்படியொன்று இல்லையென்று டொஸ் ஒப்புக்கொள்ளாது. பி டிரைவுக்குரிய வட்டைப் போட்டு ஒரு விசையை அமுக்கச் சொல்லும். வாய் ஒன்று, பெயர் இரண்டு. வட்டுக்கு வட்டு நகலெடுக்க உதவிய ஏற்பாடுதான். ஆனாலும் இவ்வளவு கூசாமல் பொய் சொல்லும் மென்பொருளை இவ்வாய்வாளர் வேறெங்கும் கண்டதில்லை.

1984இல் வந்த மக்கின்டோஷில் பொத்தானே கிடையாது. வட்டின் படத்தை இழுத்துக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். கடிதம் அழிந்துவிடுமோ என்று நெஞ்சு பதறும்; அழியாது, மோட்டார் முனகி வட்டைத் துப்பும். கரண்ட் போய்விட்டால், சிறு துளைக்குள் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை விட்டுக் குத்த வேண்டும்.

அமிகா கணினி வேறு ரகம். வட்டு வந்ததா என்று சில நொடிக்கொருமுறை 'டிக், டிக்' என்று தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

லினக்ஸ் இயங்குதளத்தில் சேமித்த எழுத்து உடனே வட்டுக்குப் போய்விடாது. நினைவகத்தில் தங்கி ஆறுதலாகத்தான் போகும். மாரி வெள்ளத்தில் கிரான் - புலிபாய்ந்தகல் வீதி மூழ்கும்போது, தோணி கரை தட்டுமுன் காலை வைப்பவருக்கு நேர்வதே, வட்டை விடுவிக்கும் 'யூமவுண்ட்' கட்டளை கொடுக்காமல் வட்டை உருவுபவருக்கும் நேரும்.

1998இல் ஐமக் கணினி பிளொப்பி வாயே இல்லாமல் பிறந்தது. 2011இல் சோனி ஜப்பானில் வட்டு விற்பதை நிறுத்தியது. ஆகவே மேலாய்வுக்கு மாதிரி வேண்டுவோர் பழைய இரும்பு வாங்க வருபவரை மறித்துக் கேட்கலாம். டிரைவுக்குள் வட்டு சிக்கியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசவும்.