போர் எத்தனை அடி போடலாம்?

வாடா பேராண்டி, திண்ணையில உட்காரு. மனை வாங்கிட்டேன்னு லட்டு கொண்டாந்திருக்கே, சந்தோசம். ஒரகடத்துல வேலை, கையில பத்திரம், இனி போர் ஒண்ணுதான் பாக்கி. "எத்தனை அடி போடலாம் தாத்தா"ன்னு கேக்குறே.

நான் சொல்றேன் கேளு. அவசரப்படாதே, ஐப்பசி வரட்டும். தண்ணி தானா உன் வாசலைத் தேடி வரும். முழங்கால் மட்டும் நிக்கும். போர் போடுற காசுல ஒரு பரிசல் வாங்கி வை.

மூஞ்சியை ஏன் சுளிக்கிறே? உன் மனைக்கு முன்னாடி 30 அடி ரோடு போட்டிருக்கான் பாரு, அது ஏரிக்குப் போன வரத்துக்கால். வித்தவன் நாணயஸ்தன், 'ஏரிக்கரை அவென்யூ'ன்னு போர்டுலயே எழுதி வெச்சிருக்கான். நீதான் படிக்காம விட்டுட்டே. பட்டா இருக்குங்கறே. இருக்கட்டும்டா, உன்கிட்ட பட்டா இருக்கு, தண்ணிகிட்ட அனுபவ பாத்தியதை இருக்கு. ரெண்டுல எது ஜெயிக்கும்னு கார்த்திகையில பாத்துக்கலாம்.

மழையே இல்லைன்னு மட்டும் ஊர்ல யாரோடயும் சேர்ந்து ஒப்பாரி வெக்காதே. நம்ம பக்கம் வருசத்துக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல பெய்யுது. எந்நேரமும் குடையும் கையுமா அலையறானே லண்டன்காரன், அவனுக்கு 600 சொச்சம்தான். என்ன, அவனுக்கு வருசம் முழுக்கப் பிரிச்சுப் பிரிச்சுக் கொடுக்குது. நமக்கு ரெண்டு மாசத்துல மொத்தமாக் கொட்டிட்டுப் போயிடுது. இப்ப பூமி சூடாவுதுங்கறாங்களே, அதுல இன்னொரு கூத்து. சூடு ஒரு டிகிரி ஏறினா காத்து ஏழு சதவீதம் கூடுதலா ஈரத்தைச் சுமக்குமாம். சுமந்ததை இறக்கி வெக்கும்போது தூத்தலாவா வெக்கும்? 2021 நவம்பர்ல பாலாத்துல பாத்தே இல்ல, விநாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல போச்சு. பாலத்து மேல நின்னு செல்போன்ல படம் பிடிச்சாங்க. தண்ணி வயலூர்ல கடலுக்குப் போயிடுச்சு, படம் மட்டும் நம்மகிட்ட பத்திரமா இருக்கு.

மழை பெய்ஞ்சா நம்ம தறிக்காரங்க இருக்கிற பிள்ளையார்பாளையத்துல யாரும் கவிதை எழுத மாட்டான். குழித்தறியில தண்ணி ஊறும். காலால மிதிக்கிற இடத்துல தவளை உட்கார்ந்திருக்கும். பட்டு நூல் ஈரம் குடிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். விடியக்காலையில தெருவுல பாவு விரிச்சவன் நாலு தூத்தல் விழுந்தா அதைச் சுருட்டிகிட்டு ஓடுற ஓட்டம் இருக்கே, எந்தப் பந்தயத்துலயும் பாக்க முடியாது. அதே தெருவுல சித்திரை வந்தா லாரிக்குக் குடம் வரிசை கட்டும். தறிக்காரனா யோசி: மழைங்கறது குறுக்க போற ஊடை, வாய்க்கால்தான் நெடுக்க நிக்கிற பாவு. பாவை அறுத்துப்புட்டு ஊடை பத்தலைன்னு புலம்புறவனுக்கு எவன்டா கூலி கொடுப்பான்?

பல்லவன் நம்மளை மாதிரி படிச்சவன் இல்ல போலிருக்கு. இதோ இருக்குதே கூரம், அங்க கிடைச்ச செப்பேட்டுல பரமேசுவர தடாகம்னு ஒரு ஏரியைச் சொல்லியிருக்கு. பாலாத்துலேர்ந்து அதுக்குப் பெரும்பிடுகு வாய்க்கால்னு ஒண்ணு. ஏரிக்குப் பேர் வெச்ச கையோட வாய்க்காலுக்கும் பேர் வெச்சு, செம்புலயும் வெட்டி வெச்சான். நாம வாய்க்காலுக்கு வெச்ச ஒரே பேரு, புறம்போக்கு.

உத்திரமேரூர் சோழன் கல்வெட்டை வாக்குச்சீட்டுக்காக எல்லாரும் மெச்சுவாங்க. குடவோலை, ஜனநாயகம்னு மேடையில முழங்குவாங்க. 919, 921-ம் வருசத்துக் கல்வெட்டு அது. அதுல ஏரி வாரியம்னு ஏரியைப் பாத்துக்க ஆறு பேர் இருந்த விசயத்தை மட்டும் மெல்லத் தாண்டிடுவாங்க. இன்னொண்ணையும் தாண்டுவாங்க: வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிக்க முடியாது. அவன் மட்டுமா? அவன் பெரியம்மா சின்னம்மா பிள்ளைங்க, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, மாமனார், மச்சினன், மருமகன் வரைக்கும் ஒருத்தனும் நிக்க முடியாது! இன்னிக்கு அந்தச் சட்டத்தைக் கொண்டாந்தா எலெக்சனுக்கு ஆளைப் பக்கத்து மாநிலத்துலேர்ந்துதான் கூட்டிகிட்டு வரணும்.

இப்ப எப்படின்னா, ஏரித் தண்ணி பாயுற ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா ஏரி நீர்வளத் துறைக்கு, அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியத்துக்கு. நீ போய் மனு கொடு. அவர் இவரைக் காட்டுவார், இவர் அவரைக் காட்டுவார். தண்ணிதான் ஓடல, மனுவாவது ஓடுதேன்னு மனசைத் தேத்திக்கோ.

பாலாறு வத்தி மணலாக் கிடந்தாலும் அடியில ஈரம் இருக்கும்டா. படுகையில ஊத்துக்கால் வெட்டி அந்தத் தண்ணியைக் கழனிக்குக் கொண்டு போனாங்க. மணலு தண்ணியைப் பிடிச்சு வெச்சிருந்துச்சு. மணலை அள்ளி வீடு கட்டினோம். இப்ப கட்டின வீட்டுக்குத் தண்ணி வேணும்னு ஆத்துப் பக்கமே பாக்கறோம்.

நம்ம ஊர்ல ஏமாறாதவர் ஒருத்தர்தான், அத்திவரதர். 2019-ல ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள் வெளிய வந்து பாத்தார். அந்த ஜூலையிலதான் ஜோலார்பேட்டையிலேர்ந்து பட்டணத்துக்கு ரயில்ல தண்ணி போய்க்கிட்டிருந்துச்சு. இந்தப் பசங்களை நம்பி மேல இருக்க முடியாதுன்னு அனந்தசரஸ் குளத்துக்குள்ள திரும்பிப் போயிட்டார். நாற்பது வருசத்துக்கு ஒருக்கா வர்றவர், இனி 2059-லதான். அதுவரைக்கும் அவருக்குத் தண்ணிக் கவலை இல்ல. உனக்கும் எனக்கும்தான்.

சரி, விளையாட்டுப் பேச்சு போதும். தாலுகா ஆபீசுல அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் வாங்கிப் பாரு. வாய்க்கால் எங்கேர்ந்து எங்க போவுதுன்னு கோடு போட்டிருக்கும். காகிதத்துல அது இன்னும் ஓடிகிட்டுதான் இருக்கு. 2003-லேர்ந்து மழைநீர்த் தொட்டி கட்டாயம். பேருக்கு ஒரு குழாயைச் சொருகி வெக்காம, ஜல்லி போட்டு நிஜமாவே கட்டு. அப்புறம் கிராம சபை. தண்ணி தினத்தை ஒட்டி மார்ச்லயும் கூட்டுறாங்க. போய் முன்வரிசையில உட்கார்ந்து மூணே மூணு கேள்வி கேளு: மதகு சாவி யார்கிட்ட இருக்கு? வரத்துக்காலைக் கடைசியா எப்ப தூர் வாரினீங்க? செலவுக் கணக்கு எங்கே? டீ கொடுத்து கையெழுத்துக் கேப்பாங்க. டீயைக் குடி. தீர்மானத்துல உன் கேள்வி ஏறின பிறகு கையெழுத்தைப் போடு.

ஏரி ஆக்கிரமிப்பை அகத்த 2007-லயே சட்டம் வந்தாச்சு, அதையும் எடுத்துச் சொல்லு. தைரியமாச் சொல்லுடா, ஊரே கை தட்டும். என்ன, உன் கேள்வியை நெசமாவே காதுல போட்டுக்கிட்டாங்கன்னா முதல் கடப்பாரை உன் வாசல் ரோட்டுலதான் விழும். அன்னிக்கும் லட்டு கொண்டாந்தியானா, நீ என் பேரன்னு ஒத்துக்கறேன்.