வயற்காட்டில் ஒரு அலுவலகக் கூட்டம்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் முப்பது பேருக்கு இரண்டு நாள் கூட்டம் நடத்த வேண்டும். பாலைவனக் கூடாரம் பார்க்கலாம் என்கிறார் முதலாளி. அதற்குப் பதிலாகத் தஞ்சைப் பக்கம் இடம் கிடைக்குமா? (சென்னை வாசகர்)

பதில்: தாராளமாக. கும்பகோணத்தை ஒட்டித் திம்மக்குடியில் பழைய கிராமத்து வீட்டைச் சுற்றி எழுந்த இன்டெகோ விடுதி இருக்கிறது. வேப்பத்தூரில் மந்த்ரா கூடம். ஜனவரி, பிப்ரவரியில் வாருங்கள். சம்பா அறுவடைக் காலம், வெயிலும் சாது. பொங்கல் வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

கணக்கு வழக்கையெல்லாம் காலையிலேயே முடித்துவிடுங்கள். தஞ்சாவூர்ப் பொன்னி அரிசியும் வாழையிலையும் சேர்ந்துவிட்டால் பிற்பகலில் எந்த மேலாளர் பேச்சும் எடுபடாது! சாப்பாட்டுக்குப் பின் சுவாமிமலை சிற்பிகளின் பட்டறைக்குக் கூட்டிப் போங்கள். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை ஊற்றுகிறார்கள். சிலையை எடுக்க அச்சை உடைத்தே ஆக வேண்டும். அதனால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஊழியர்களை ஒரே அச்சில் வார்க்க நினைக்கும் முதலாளிகள் அவசியம் பார்க்க வேண்டிய வேலை அது. 2004-இல் உலக மரபுச் சின்னமான தாராசுரம் கோயிலும் பக்கம்தான்.

வரப்பில் நடக்க ஆசை வந்தால், வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.